வாசகர் கேள்வி–பதில்: எளிதில் கிடைக்காத ராஃபும் ஹென்செல்ட்டும்

அதிகம் பேசப்படாத ரொமாண்டிக் கால (பத்தொன்பதாம் நூற்றாண்டு மேற்கத்திய) இசையமைப்பாளர்களின் பதிவுகளை வெளிநாட்டு விற்பனையாளர்களிடமிருந்து வாங்குவது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன, அதனால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கேள்வி: யோவாகிம் ராஃப் எழுதிய 'லெனோர்' சிம்பொனியை ரேடியோவில் ஒரு தடவை கேட்டேன், அன்றிலிருந்து விடவில்லை. விற்பனைத் தளங்களில் அவர் பெயரைப் போட்டால் சம்பந்தமில்லாத சரக்கெல்லாம் வருகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: பெயரை மட்டும் போட்டுத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். பழைய இசைத்தட்டு விற்பவர்களில் பலருக்கு இந்த இசை பற்றி எதுவும் தெரியாது, உறையில் எது பெரிய எழுத்தில் இருக்கிறதோ அதைத்தான் தலைப்பில் போடுவார்கள், பல உறைகளில் பெரிய எழுத்தில் இருப்பது ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் நடத்துநரின் பெயராகவோ ஆர்கெஸ்ட்ராவின் பெயராகவோ இருக்கும். அதனால் நீங்கள் தேடும் படைப்பை யார், எந்த லேபிளுக்காக (அதாவது எந்த இசைத்தட்டு நிறுவனத்துக்காக), எப்போது பதிவு செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் உட்கார வேண்டும். இந்த மாதிரி இசையில் அந்தப் பட்டியல் ஒரு தாளைத் தாண்டாது. பீத்தோவனின் ஐந்தாவதுக்கு இது முடியாத காரியம், ராஃபின் ஐந்தாவதுக்கு முடியும்.

லெனோர் அந்த ஐந்தாவது சிம்பொனிதான், 1872இல் முடித்தார். ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் 1970இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து யூனிகார்ன் லேபிளுக்காக இதைப் பதிவு செய்தார். ராஃபை மறுபடி நாலு பேர் பேசத் தொடங்கியதற்கு அந்த எல்பிக்குப் பெரிய பங்கு உண்டு. ஹெர்மன் பெயருக்காக அதைச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆகவே திரையிசைப் பிரிவிலும் ஒரு கண் வையுங்கள். அப்புறம் மார்க்கோ போலோ லேபிளில் உர்ஸ் ஷ்னைடர், ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே ஆர்கெஸ்ட்ராவுடன் ராஃபின் சிம்பொனிகளை வரிசையாகச் செய்தார். சுவிட்சர்லாந்தின் டியூடர் லேபிளில் ஹான்ஸ் ஷ்டாட்ல்மைர், பாம்பெர்க் ஆர்கெஸ்ட்ராவுடன் செய்த வரிசை இருக்கிறது. ஷாண்டோஸ் லேபிளில் நீமே யார்வி நடத்தியதும் இருக்கிறது. என்னைக் கேட்டால் யார்வியின் வேகம் பலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும், அந்த அணிவகுப்புப் பகுதி நிஜமாகவே படை புறப்படுவதுபோல் ஓடுகிறது. ஷ்டாட்ல்மைர் நிதானமானவர், வாத்தியங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். முதல் தட்டு என்றால் ஷ்டாட்ல்மைரை வாங்குங்கள்.

லேபிளும் நடத்துநரும் தெரிந்த பிறகு கேட்டலாக் எண்ணைப் பிடியுங்கள். அது உறையின் முதுகில் அச்சாகியிருக்கும், விற்பவர் பெயரைத் தப்பாக அடித்தாலும் எண்ணைப் பார்த்துத்தான் அடிப்பார். எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தே லேபிளை ஊகித்துவிடலாம்: மார்க்கோ போலோ என்றால் 8.22 என்று ஆரம்பிக்கும், சிபிஓ என்ற ஜெர்மன் லேபிள் என்றால் பழையவை 999, அடுத்து வந்தவை 777, பிந்தியவை 555. சிடியாக இருந்தால் பின்பக்க பார்கோடு எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, எழுத்துக்கூட்டல். ரஷ்யர்கள் பெயர்களில்தான் இது பெரிய தொல்லை. கிளாசுனோவ் பெயரில் ஆங்கிலத்தில் இசட் வரும் இடத்தில் ஜெர்மானியர்கள் எஸ் போடுவார்கள், முடிவில் இருக்கும் வி அவர்களிடம் டபிள்யூ ஆகிவிடும். லியாபுனோவ் பெயரை ஜெர்மானியர்கள் எழுதும்போது ஐ போய் ஜே வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயர்களில் யு வரும் இடத்தில் ஓ-யு என்று இரண்டு எழுத்து போடுவார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்துத் தேடினால் ஜெர்மன், பிரெஞ்சு விற்பனையாளர்களின் சரக்கில் பாதி உங்கள் கண்ணுக்கே படாது.

கேள்வி: நான் தேடும் மார்க்கோ போலோ சிடி ஒரே ஒரு வெளிநாட்டுக் கடையில் இருக்கிறது, விலை அநியாயம். வாங்கிவிடலாமா, காத்திருக்கலாமா?

பதில்: காத்திருங்கள், ஆனால் சும்மா காத்திருக்காதீர்கள். அந்தப் பதிவு வேறு உறையில் மறுபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மார்க்கோ போலோவை 1982இல் ஹாங்காங்கில் ஆரம்பித்தவர் கிளவுஸ் ஹைமன். யாரும் தொடாத இசையைப் பதிவு செய்வதற்கென்றே வந்த லேபிள் அது. அதே மனிதர் 1987இல் மலிவு விலை லேபிளாக நாக்சோஸைத் தொடங்கினார், பிற்பாடு மார்க்கோ போலோ பதிவுகளில் நிறைய நாக்சோஸ் உறையில் மறுவெளியீடு கண்டன. ஷ்னைடரின் ராஃப் வரிசையிலும் சில அப்படி வந்திருக்கின்றன. அதே ஆர்கெஸ்ட்ரா, அதே நாள் பதிவு, உறை மட்டும் வேறு. இது தெரியாமல் பழைய உறைக்குப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

இதே கதை வேறு இடங்களிலும் உண்டு. பிரிட்டனில் காலின்ஸ் கிளாசிக்ஸ் என்று ஒரு லேபிள் இருந்தது, 1990களின் இறுதியில் மூடிவிட்டது. அதற்காக செட்டா டான்யெல் பதிவு செய்த சேவர் ஷார்வென்காவின் பியானோ இசை இனி கிடைக்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தபோது ஹைப்பீரியன் என்ற பிரிட்டிஷ் லேபிள் அதை வாங்கித் தன் மலிவு வரிசையான ஹீலியோஸில் வெளியிட்டது. சோவியத் பதிவுகளை பிரிட்டனில் சிடியாகக் கொண்டுவந்த ஒலிம்பியாவும் இன்று இல்லை, ஆனால் அதில் வந்த சரக்கு சோவியத் அரசு லேபிளான மெலோடியாவிலிருந்து வந்தது என்பதால் அந்தப் பதிவுகள் வேறு லேபிள்களில் தலைகாட்டுகின்றன. ஆகவே ஒரு லேபிள் செத்துப்போனால் அதன் பதிவுகளை யார் வாங்கினார்கள் என்று பாருங்கள். நின்றுபோன தலைப்புகளை, முறையான உரிமத்தோடு, கேட்டவர்களுக்கு மட்டும் தனித்தனியாகத் தயாரித்துத் தரும் ஏற்பாடும் இருக்கிறது, பிரிட்டனின் பிரெஸ்டோ மியூசிக் அதைச் செய்கிறது.

அப்புறம் அந்த அநியாய விலை பற்றி. பெரிய தளங்களில் பல கடைகள் விலையை மென்பொருளிடம் விட்டுவிடுகின்றன. சந்தையில் ஒரே பிரதி என்றால் விலை தானாக ஏறும், இரண்டாவது பிரதியை யாராவது பட்டியலில் சேர்த்தால் தானாக இறங்கும். அதை வைத்துத் தட்டின் மதிப்பை எடை போடாதீர்கள். தேடலைச் சேமித்து வைத்து, புதுப் பிரதி வந்தால் மின்னஞ்சல் வரும்படி செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தும் வேறு வழியே இல்லை, உலகத்தில் அந்த ஒரு பதிவுதான், மறுவெளியீடு கிடையாது, நீங்களும் அதை நிஜமாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். தயங்க வேண்டாம்.

கேள்வி: இப்போது எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் வந்துவிட்டதே, தட்டு எதற்கு?

பதில்: எல்லாம் வரவில்லை. ஹைப்பீரியனே 2023 வரை வெளியில் நின்றது, யூனிவர்சல் அதை வாங்கிய பிறகுதான் வரத் தொடங்கியது. சின்ன லேபிள்கள் மூடும்போது அவற்றின் பதிவுகள் ஒரு நாள் காலையில் சத்தமில்லாமல் காணாமல் போகும். அதைவிட எனக்கு முக்கியம் உள்ளே வரும் சிறுபுத்தகம். ஃபிரீட்ரிஷ் கெர்ன்ஸ்ஹைம் யார், நாஜிகள் காலத்தில் யூதர் என்பதற்காக அவர் இசை எப்படி மேடையை விட்டு ஒழிக்கப்பட்டது, இதெல்லாம் எழுதியிருப்பது அந்தப் பக்கங்களில்தான். பல இசையமைப்பாளர்களுக்கு அந்தச் சிறுபுத்தகக் கட்டுரையைவிட விரிவாக எளிதில் கிடைக்கக்கூடிய எழுத்து வேறு இல்லை. முதலில் ஸ்ட்ரீமிங்கில் கேட்டுப் பாருங்கள், பிடித்ததை வாங்குங்கள்.

கேள்வி: 'விஜி' என்று தரம் போட்ட எல்பி ஒன்று வாங்கினேன். வெரி குட் என்றால் மிக நன்று என்றுதானே அர்த்தம்? ஊசி வைத்ததிலிருந்து ஒரே படபட சத்தம். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை. தட்டு விற்பனையில் பெரும்பாலோர் பின்பற்றும் கோல்ட்மைன் தர முறையில் மின்ட், நியர் மின்ட் இரண்டுக்கும் அப்புறம் விஜி பிளஸ், அதற்கும் கீழேதான் விஜி. விஜி என்றால் அமைதியான இடங்களில் சத்தம் கேட்கும் என்று விற்பவரே ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் ஜி என்றால் தொடவே வேண்டாம். பிரிட்டிஷ் விற்பனையாளர்கள் எக்சலன்ட் என்று இடையில் ஒரு படி வைத்திருப்பார்கள், ஏறக்குறைய விஜி பிளஸ்ஸுக்குச் சமம்.

ராக் இசைத் தட்டில் விஜி என்றால் தப்பித்துக்கொள்ளலாம், சத்தத்தை இசையே மூடிவிடும். நம் இசையில் ஒற்றை கிளாரினெட் மெதுவாகத் தொடங்கும் இடத்தில் ஒரு கீறல் போதும், மொத்தமும் போச்சு. ஆகவே நியர் மின்ட்டுக்குக் கீழே வாங்குவதென்றால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஓட்டிப் பார்த்துத் தரம் போட்டீர்களா, விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் போட்டீர்களா? கண்ணால் பார்த்தால் கீறல் தெரியும், தேய்ந்த ஊசியால் அரைக்கப்பட்ட பள்ளம் தெரியாது. உரத்த இடங்களில், அதிலும் தட்டின் உட்பக்கம் நெருங்க நெருங்க, ஒலி கரகரக்கும். ரொமாண்டிக் சிம்பொனிகளின் உச்சக்கட்டம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும், அது பதிந்திருப்பதும் அதே உட்பக்கத்தில்தான். எனக்கு ஒரு விற்பனையாளர் இதற்கு மூன்று வரியில் நேர்மையாகப் பதில் எழுதினார், இரண்டாம் பக்கம் முடிவில் கரகரப்பு இருக்கிறது என்று அவரே சொல்லி விலையையும் குறைத்தார். அப்படிப்பட்டவரைக் கண்டுபிடித்தால் விடாதீர்கள், அவருடைய மற்ற சரக்கையும் பாருங்கள்.

கேள்வி: 1990 வாக்கில் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் லேபிளின் சிடியை வெளிநாட்டிலிருந்து வாங்கினேன். கீறல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வெள்ளியாக இருக்க வேண்டிய தட்டு ஓரத்தில் பித்தளை நிறமாக இருக்கிறது, கடைசிப் பாடல்களில் இரைச்சல். துடைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அது அழுக்கு இல்லை, தட்டே உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

1980களின் கடைசியிலிருந்து 1990களின் ஆரம்பம் வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் அச்சான சிடிகளில் ஒரு பகுதிக்கு வந்த நோய் இது. அந்தத் தட்டுகளின் பளபளப்புப் பூச்சில் இருந்தது வெள்ளி. அதன் மேல் பூசிய அரக்கு, உறைத் தாளிலும் சிறுபுத்தகத்திலும் இருக்கும் கந்தகத்தைத் தடுக்கவில்லை. வெள்ளிப் பாத்திரம் கறுப்பது எந்த ரசாயனத்தால் நடக்கிறதோ இதுவும் அதனால்தான் நடக்கிறது. ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே நகரும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசிப் பாடல்கள் முதலில் கெடும், நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது.

இந்த விஷயத்தில் நம்மைப் போன்ற ரசிகர்களுக்குத்தான் அதிக அடி. அந்த ஆலையில் அச்சடித்தவற்றில் சின்ன, தனியார் கிளாசிக்கல் லேபிள்கள் நிறைய. ஹைப்பீரியன், ஏஎஸ்வி, பேர்ல், யூனிகார்ன்-கஞ்சனா எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்ட தட்டுகள் உண்டு, யாரும் தொடாத இசையைப் பதிவு செய்துகொண்டிருந்தவர்களும் இவர்களேதான். லேபிள்கள் மேல் குற்றம் இல்லை, ஆலையில் நடந்தது. அந்தக் காலத்தில் மாற்றுத் தட்டும் கொடுத்தார்கள்.

இனி வாங்கும்போது செய்ய வேண்டியது: அந்த வருடங்களின் பிரிட்டிஷ் சிடி என்றால், தட்டின் அடிப்பக்கம் நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் யூகே, பிடிஓ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால் பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் அனுப்பச் சொல்லுங்கள். லேசாகத் தங்க நிறம் தட்டினாலும் விட்டுவிடுங்கள். கையில் ஏற்கெனவே இருக்கும் தட்டை இன்றைக்கே கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள், இன்னும் படிக்கும் பாடல்களையாவது காப்பாற்றலாம். இதோடு சேர்த்து இன்னொன்று: பழைய இரட்டை சிடிப் பெட்டிகளுக்குள் வைத்திருக்கும் பஞ்சுத் துண்டைத் தூக்கி எறியுங்கள். அது காலப்போக்கில் பிசுபிசுத்துத் தட்டில் ஒட்டிக்கொண்டு பூச்சைப் பெயர்த்துவிடும்.

கேள்வி: மெலோடியா எல்பிகளில் எல்லாம் ரஷ்ய எழுத்து. மோனோவா ஸ்டீரியோவா, எந்தக் காலத்து அச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, மூன்று அடையாளங்களைப் பார்த்தால் போதும். எண்ணின் முன்னால் 33க்குப் பக்கத்தில் வீடு மாதிரி ஓர் எழுத்து, கீழே இரண்டு கால் நீட்டியிருக்கும், அது இருந்தால் மோனோ. ஆங்கில சி போன்ற எழுத்து இருந்தால் ஸ்டீரியோ. 1970களின் நடுவில் எண் முறை மாறிய பிறகு சிம்பொனி, ஓபெரா வகைத் தட்டுகளில் அந்த சி எழுத்தோடு 10 சேர்ந்து வரும். மூன்றாவது, நடு வட்டத்தில் 5289 என்ற எண்ணும் ஒரு கோடு போட்டு இரண்டு இலக்கமும் இருக்கும். அது சோவியத் அரசின் தர விதி எண், பின்னால் இருப்பது அந்த விதி வந்த வருடம். 68 என்றிருந்தால் 1968 விதி, 73 என்றிருந்தால் 1973 விதி, அடுத்த விதி 1980இல். ஆக 73 போட்ட தட்டு எழுபதுகளில் அச்சானது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பதிவு அதற்கு முன்னாலேயே நடந்திருக்கலாம், அச்சின் காலத்தை மட்டும்தான் இது சொல்லும்.

ஒரே பதிவை அப்ரெலெவ்கா, லெனின்கிராட், ரிகா, தாஷ்கென்ட், திபிலிசி என்று பல ஆலைகளில் அச்சடித்தார்கள், தட்டுக்குத் தட்டு தரம் மாறும். அதனால் நான் எப்போதும் சொல்வது, ரஷ்ய நடத்துநர் ஸ்வெட்லானோவ் பதிவு செய்த, கலின்னிகோவ், லியாபுனோவ், பலகிரெவ் மாதிரி ரஷ்ய இசையமைப்பாளர்களின் படைப்புகளை முதலில் மேற்கத்திய லைசென்ஸ் அச்சில் தேடுங்கள். மேற்கு ஜெர்மனியில் ஓய்ரோடிஸ்க், பிரான்சில் ஷான் டு மோந்த், பிரிட்டனில் எச்எம்வி மெலோடியா, அமெரிக்காவில் ஏஞ்சல் மெலோடியா, ஜப்பானில் விக்டர், எல்லாரும் மெலோடியா பதிவுகளைத் தங்கள் ஆலையில் அச்சடித்தார்கள். ஓய்ரோடிஸ்க் பொதுவாக அமைதியான அச்சு, தடிமனான நல்ல உறை, ஜெர்மன் விற்பனையாளர்களிடம் குவிந்து கிடக்கிறது. ஸ்வெட்லானோவின் பித்தளை வாத்தியங்கள் முழங்கும்போது அச்சு நன்றாக இருந்தால்தான் அதன் மகிமை தெரியும்.

கேள்வி: அன்டன் ரூபின்ஸ்டைனின் 'சமுத்திரம்' சிம்பொனி வாங்கினேன். நண்பரிடம் இருக்கும் தட்டில் ஏழு பகுதி, என்னுடையதில் நாலுதான். மீதி எங்கே?

பதில்: ரூபின்ஸ்டைன் அதை முதலில் நாலு பகுதியாகத்தான் எழுதினார், பிறகு ஆறாக்கினார், பிறகு ஏழு. இரண்டும் அசல்தான். வாங்கும் முன் பகுதிகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். ரஷ்ய இசையமைப்பாளர் கிளியேரின் மூன்றாவது சிம்பொனியிலும் கவனம் தேவை, நடத்துநர் ஸ்டொகாவ்ஸ்கி பதிவு செய்தது வெட்டிச் சுருக்கிய வடிவம். முழு வடிவம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாராளமாகப் போகும், மொத்த நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: ஏரீஸ் என்ற அமெரிக்க லேபிளின் எல்பி ஒன்றைப் பார்த்தேன். அதிலிருக்கும் ஆர்கெஸ்ட்ரா, நடத்துநர் பெயர்களை எங்கே தேடியும் காணோம். அபூர்வமானதா?

பதில்: அபூர்வம் என்பதைவிட அந்தப் பெயர்கள் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். 1970களில் வந்த அந்த லேபிள் பிபிசி போன்ற வானொலி ஒலிபரப்புகளைப் பதிவு செய்து, உண்மையான கலைஞர்களை மறைத்துக் கற்பனைப் பெயர் போட்டு விற்றது. பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஹேவர்கல் பிரையனின் சிம்பொனிகள் அதில் அப்படி வந்தவைதான். வேறு யாரும் பதிவு செய்யாத காலத்தில் அந்தத் தட்டுகள் வழியாகத்தான் பலர் பிரையனைக் கேட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் நிஜமாக வாசித்த ஆர்கெஸ்ட்ராவுக்கு அதில் பேரும் இல்லை, காசும் போகவில்லை. இன்று பிரையனின் சிம்பொனிகளுக்கு முறையான பதிவுகள் இருக்கும்போது இதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டுகிறது. போதாததற்கு உடைந்த பெட்டிதான் வந்து சேருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சிடியில் எடை முக்கால்வாசி அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில்தான். விற்பவரிடம் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், தட்டையும் சிறுபுத்தகத்தையும் பின்பக்கத் தாளையும் மட்டும் நல்ல உறையில் அனுப்புங்கள் என்று கேளுங்கள். பெட்டி எங்கேயும் கிடைக்கும். எடையோடு தடிமனும் குறைவதால் பார்சலாகப் போக வேண்டியது கடித வகையிலேயே போய்விட வாய்ப்பு இருக்கிறது. எல்பி என்றால் தட்டை வெளியுறையிலிருந்து எடுத்து, உள்ளுறையோடு அதன் பின்னால் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழியில் விழும் ஒவ்வொரு அடிக்கும் தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழிக்கும்.

ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குவது தபால் செலவைக் குறைக்கச் சிறந்த வழி. முதல் தட்டுக்குத்தான் செலவு அதிகம், அதோடு சேரும் இரண்டாவது, மூன்றாவதுக்குச் சொற்பம். அமெரிக்க விற்பனையாளர்கள் பட்டியலில் போடும் மலிவான மீடியா மெயில் கட்டணம் அந்த நாட்டுக்குள் மட்டும் செல்லும், அதைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். வெளிநாட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கத்தையும் கணக்கில் சேருங்கள். 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நடுவில் போகும் பார்சலுக்குக்கூட சுங்கப் படிவம் வேண்டும், அதே வருடம் ஜூலையில் ஒன்றியத்தின் சிறுதொகை வரிவிலக்கும் போய்விட்டது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, வாங்கும் வாரத்தில் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். அது பொய் அறிவிப்பு, பிடிபட்டால் விற்பவருக்கும் சேர்த்துத் தலைவலி, பார்சல் தொலைந்தால் ஈடும் கிடைக்காது.

கேள்வி: இந்த உலகத்துக்குப் புதியவன். யாரில் ஆரம்பிக்கலாம்?

பதில்: லூயிஸ் ஃபரென்கில் ஆரம்பியுங்கள். பாரிஸ் கன்சர்வேட்டரியில் 1842இலிருந்து முப்பது வருடம் பியானோ பேராசிரியராக இருந்தவர், மூன்று சிம்பொனி எழுதினார், மூன்றாவது கேட்ட உடனே பிடித்துப்போகும். சிபிஓ பதிவு சுலபமாகக் கிடைக்கிறது. சிபிஓவின் தாய்வீடான ஜெர்மன் கடை ஜேபிசி அடிக்கடி இந்த லேபிளுக்குப் பெரிய தள்ளுபடி போடும், பொறுத்திருந்து நாலைந்து சேர்த்து எடுங்கள். எமிலி மேயர், ஃபெலிக்ஸ் டிரேசெக்கே என்று அந்த லேபிளிலேயே வருடக்கணக்கில் நடக்கலாம்.

அப்புறம் ஹான்ஸ் ரோட். மாலருக்கு வகுப்புத் தோழர், புருக்னரிடம் ஆர்கன் கற்றவர், மனநிலை தவறி 1884இல் இருபத்தைந்து வயதில் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய சிம்பொனி முதன்முதலில் மேடையேறியது 1989இல், சின்சினாட்டியில், கெர்ஹார்ட் சாமுவேல் நடத்தினார். நூறு வருடத்துக்கு மேல் காகிதத்தில் கிடந்த இசை. மூன்றாம் பகுதியைக் கேட்டால் மாலரின் ஞாபகம் வரும், ஆனால் எழுதியது மாலர் தன் முதல் சிம்பொனியை முடிப்பதற்கு வருடங்கள் முன்னால். அந்த முதல் பதிவு ஹைப்பீரியனில் வந்தது. மேலே சொன்ன பித்தளை நிற விவகாரத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு பழைய பிரதியை வாங்குங்கள்.

கேள்வி: அடால்ஃப் ஹென்செல்ட்டின் பியானோ கான்செர்டோவுக்கு (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) மைக்கேல் பான்டி, ரேமண்ட் லெவந்தால், மார்க்-ஆந்த்ரே ஹாம்லன் என மூன்று பியானோ கலைஞர்களின் பதிவுகள் கண்ணில் பட்டன. ஒன்றுதான் வாங்க முடியும், எதை?

பதில்: ஹாம்லன். 1991இல் தொடங்கிய ஹைப்பீரியனின் ரொமாண்டிக் பியானோ கான்செர்டோ வரிசையில் ஏழாவது தட்டு, கூடவே பிரெஞ்சு இசையமைப்பாளர் அல்கானின் 'கான்செர்டோ டா கேமரா' படைப்புகளும் இருக்கின்றன. இந்தக் கான்செர்டோவை 1845இல் லைப்சிக்கில் மெண்டல்சன் நடத்த முதலில் வாசித்தவர் கிளாரா ஷூமன். கைவிரல்களை அகல விரித்து வாசிக்க வேண்டிய எழுத்து, ஹென்செல்ட்டுக்கே மேடை என்றால் நடுக்கம். ஹாம்லனிடம் அந்தச் சிரமம் எதுவும் காதில் விழாது, ஆர்கெஸ்ட்ராவும் தெளிவு.

ஆனாலும் பான்டியை ஒதுக்காதீர்கள். வாக்ஸ் நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த காலத்தில் ஒத்திகை நேரமும் குறைவு, ஆர்கெஸ்ட்ராவும் சுமார், ஒலி வறட்சி. ஆனால் இந்த இசையை நம்பி, தலைதெறிக்க வாசித்தார், இந்தத் துறையில் இன்று இருக்கும் பலருக்கு ஹென்செல்ட், ஷார்வென்கா, மோஷ்கோவ்ஸ்கி என்ற பெயர்களே அந்தத் தட்டுகள் வழியாகத்தான் அறிமுகம். வாக்ஸ் பின்னாளில் அவற்றை மலிவான சிடிப் பெட்டிகளாகக் கொண்டுவந்தது, பழைய எல்பியைவிட அவையே வாங்கத் தோது. லெவந்தால் பதிவுக்குத் தனியாக அலைய வேண்டாம், சோனி அவருடைய ஆர்சிஏ, கொலம்பியா பதிவுகளைச் சேர்த்து ஒரு பெட்டியாக வெளியிட்டது, அது கண்ணில் பட்டால் அல்கானும் சேர்ந்தே வந்துவிடும்.